"எனக்கெல்லாம் இது வராது": மனதுக்குள் பேசும் பேச்சைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மைப் பற்றி நமக்கு வரும் சந்தேகம் பெரும்பாலும் ஒரு வாக்கியமாகத்தான் வருகிறது. "நீயெல்லாம் எதுக்கு இதுல கை வைக்கிற?" "இதுகூடத் தெரியல." "போச்சு, மறுபடியும் சொதப்பியாச்சு." வாய்விட்டுச் சொல்லாததால் அந்த வாக்கியத்தைத் திருத்த யாரும் வருவதில்லை. நான் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. பல வருடங்கள் இந்தப் பேச்சோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். இதைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மனதுக்குள் நமக்கு நாமே பேசிக்கொள்வது இயல்பானதுதானா?

ஆமாம். சின்னக் குழந்தை தனியாக விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். "இத இங்க வைக்கணும்... ஐயோ, விழுந்துடுச்சு... பெருசு கீழ, சின்னது மேல" என்று தன் கைக்குத் தானே வழி சொல்லிக்கொண்டிருக்கும். சோவியத் ரஷ்யாவைச் சேர்ந்த உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைக் கூர்ந்து கவனித்தவர். முதலில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுகிறார்கள். பிறகு குழந்தை அதே மாதிரிப் பேச்சைத் தனக்கே உரக்கச் சொல்லிக்கொள்கிறது. பள்ளிப் பருவத்தில் அந்தப் பேச்சு மெல்ல மெல்லச் சத்தம் இழந்து உள்ளே இறங்கிவிடுகிறது. 1934இல் வெளிவந்த அவருடைய நூல் இப்படித்தான் இதை விளக்குகிறது.

ஒரு வேலையைத் திட்டமிட, நினைவில் வைத்துக்கொள்ள, அவசரப்படும்போது நிதானிக்க என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பேச்சு நமக்குத் தேவைப்படுகிறது. அதனால் அதை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் அந்தக் கடுமையான குரல் எங்கிருந்து வந்தது?

மேலே சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பேச்சு ஒரு காலத்தில் வெளியே இருந்த பேச்சு. யாரோ நம்மிடம் பேசிய விதம், நாம் நம்மிடம் பேசும் விதமாக ஒட்டிக்கொள்கிறது.

என் விஷயத்தில் எனக்கு அந்த இடமே ஞாபகம் இருக்கிறது. கரும்பலகை முன் நின்று ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஆசிரியர் ஒருவர், "உனக்கெல்லாம் இது ஏறாது, போய் உட்காரு" என்றார். அவர் சொன்னது ஒரே ஒரு முறை. அடுத்த நாளே மறந்திருப்பார். நான் அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த வாக்கியத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்கள் வரும் எந்த வேலையைப் பார்த்தாலும் "ஏறாது" என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கும். அது என் குரலிலேயே வந்ததால், என் சொந்தக் கருத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் இப்படி ஒரு கரும்பலகை இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டே வளர்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லாமலேயே, ஒரு பெரிய தோல்விக்குப் பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் லேசாகும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றும் வேலைக்கு அது கட்டாயம் இல்லை. குற்றவாளியைத் தேடிக்கொண்டே வருடங்களைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகமே வரக்கூடாதா? அது நம்மை எச்சரிக்கையாக வைக்கிறதே?

வர வேண்டும். மருந்தின் அளவை இரண்டாம் முறை சரிபார்க்கும் செவிலியரிடம் இருப்பதும் சந்தேகம்தான், அது இல்லாவிட்டால் ஆபத்து. ஆனால் அவர் கேட்கும் கேள்வி "இந்த அளவு சரியா?" என்பது. அதற்கு ஒரு பதில் உண்டு. சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

"நான் சரியா?" என்று கேட்டால் எந்தச் சீட்டைப் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. எத்தனை முறை சரிபார்த்தாலும் மறுபடி வரும். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது இந்த இரண்டாவது வகைச் சந்தேகத்தைப் பற்றித்தான். அதை முதல் வகையாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதே என் அனுபவம்.

நான் எனக்குள் என்ன பேசிக்கொள்கிறேன் என்றே தெரியவில்லை. சோர்வு மட்டும்தான் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலோருக்கு இப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) உளப்பகுப்பாய்வு முறையில் பயின்றவர். நோயாளிகளை மனதில் வருவதையெல்லாம் சொல்லச் சொல்வார். அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடியில் இன்னொரு ஓட்டம் இருப்பதை அவர் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் அதே நேரத்தில் "நான் இவருக்கு அலுப்பூட்டுகிறேன்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். கேட்டால்தான் அது வெளியே வரும். கண நேரத்தில் வந்து போகும், உண்மைதானா என்று யாரும் நின்று பார்க்காத இந்த எண்ணங்களைத் 'தானியங்கி எண்ணங்கள்' என்று அழைத்தார். 1960களில் அவர் உருவாக்கத் தொடங்கிய, இத்தகைய எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிவாற்றல் சிகிச்சை முறை இந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது.

நீங்கள் செய்யக்கூடியது: மனம் சட்டென்று இறங்கும் நொடியைப் பிடியுங்கள். நன்றாக இருந்தீர்கள், ஒரு மின்னஞ்சலைப் படித்தீர்கள், வயிற்றில் ஏதோ கனத்தது. அந்த இடத்தில் நின்று, "இப்போ உள்ளே என்ன ஓடிச்சு?" என்று கேளுங்கள். வந்ததை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அப்படியே என்றால் அப்படியே. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எழுத உட்கார்ந்ததும் கை தானாக நல்ல தமிழுக்குப் போய்விடும். "எனக்கு என் திறமை குறித்து ஐயம் ஏற்பட்டது" என்று எழுதினால் அது ஓர் அறிக்கை, அதைப் படித்து யாருக்கும் வலிக்காது. உள்ளே ஓடியது "உன் லட்சணம் தெரிஞ்சுபோச்சு பாரு" என்பதாக இருந்தால், அதைத்தான் எழுத வேண்டும். வீட்டில் பேசும் வட்டாரச் சொல்லோடு, திட்டுச் சொல் இருந்தால் அதோடு. ஒரு வாரம் எழுதினால் போதும். மொத்தமே நான்கைந்து வாக்கியங்கள்தான் மாறி மாறி வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

எனக்குள் குரலே கேட்பதில்லை. எனக்கு ஏதாவது குறையா?

இல்லை. ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து ஒரு சிறு கருவியை மக்களிடம் கொடுத்து, அது எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும்போது மனதில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். சிலரிடம் ஓயாத பேச்சு, சிலரிடம் பேச்சே அபூர்வம். அவர்களுக்குக் காட்சிகளும் உணர்ச்சிகளுமே அதிகம். தலைகுனிந்து நிற்பது போன்ற ஒரு காட்சி உங்களுக்கு வந்தால், "இந்தக் காட்சி என்ன சொல்கிறது?" என்று கேட்டு அதை ஒரு வாக்கியமாக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உள்ளே பேசுவது நாம்தான் என்று நமக்கே தெரியும். வேறு யாரோ வெளியிலிருந்து பேசுவது போலக் குரல் கேட்டால் அது வேறு விஷயம், மனநல மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

"எனக்கு வராது" என்று சொல்வதில் என்ன தப்பு? வராததைத்தானே சொல்கிறேன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

"வராது" என்ற சொல்லைப் பாருங்கள். "மரம் பேசாது", "கல் மிதக்காது" என்று சொல்லும்போது நாம் பயன்படுத்தும் அதே வடிவம். ஒரு பொருளின் இயல்பைச் சொல்லும் வடிவம். அதில் நேற்று, இன்று, நாளை எல்லாம் அடங்கிவிடுகிறது. "எனக்குப் பேச வராது" என்றால், இதுவரை வரவில்லை என்பதோடு இனியும் வரப்போவதில்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். நமக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதி ஊகம்.

"வரவில்லை" என்று மாற்றிப் பாருங்கள். நடந்ததை மட்டும் சொல்கிறது. "இன்னும் சரியா வரல" என்றால் இன்னும் துல்லியம். பேச்சுத்தமிழில் இன்னொரு அழகான வடிவம் உண்டு: "வர மாட்டேங்குது." ஒரு பக்கம் நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன், மறுபக்கம் அது அடம் பிடிக்கிறது என்ற அர்த்தம் அதில் இருக்கிறது. முயற்சி நடந்துகொண்டிருப்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அது.

அடுத்தது "எல்லாம்". "நீயெல்லாம்", "எனக்கெல்லாம்." ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் எதற்கு வருகிறது? அந்த ஆளைத் தகுதியில்லாதவர்களின் கூட்டத்தில் தள்ளிவிடுவதற்கு. "எனக்கெல்லாம் எதுக்கு மேடை?" என்பதிலிருந்து அதை மட்டும் எடுத்துவிடுங்கள். "எனக்கு எதுக்கு மேடை?" இப்போது இது ஒரு நிஜமான கேள்வி. "எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நாலு பேருக்குச் சொல்ல" என்று பதில் சொல்ல முடிகிறது.

"கூட" இன்னும் நுட்பமானது. "இதுகூடத் தெரியல" என்னும்போது, உலகத்தில் மற்ற எல்லோருக்கும் இது தெரியும் என்று யாரையும் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறோம். "இது தெரியல" என்றால் அது வெறும் தகவல். அடுத்து "யார்கிட்ட கேக்கலாம்?" என்ற எண்ணம் தானாக வரும். "கூட" இருக்கும்போது அந்த எண்ணம் வரவே வராது, ஏனென்றால் கேட்டால் அவமானம்.

அப்புறம் "தான்". "நான் எப்பவுமே இப்படித்தான்." இந்த இடத்தில் எண்ணிக்கை கேளுங்கள். எத்தனை முறை? எந்த மாதத்தில்? "போன மாசம் ரெண்டு தடவை வேலையைத் தாமதமா முடிச்சேன்" என்பது சங்கடமான வாக்கியம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும்.

"போச்சு" வந்தால், "எது போச்சு?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் போனது சின்னதாக இருக்கும்.

ஒரு முழு உதாரணம். கூட்டத்தில் ஒருவர் தன் வேலையை விளக்கிவிட்டு வந்து உட்கார்கிறார். உள்ளே ஓடுவது: "அசிங்கமாப் போச்சு. எனக்கெல்லாம் பேசவே வராது. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க." இதைத் திருத்தினால்: "முதல் ரெண்டு நிமிஷம் தடுமாறினேன். மூணாவது கேள்விக்குப் பதில் தெரியல, அப்புறம் சொல்றேன்னு சொன்னேன். மத்ததைச் சொல்லி முடிச்சேன். சிரிச்சாங்களான்னு நான் பாக்கல." இதில் பாராட்டு ஒரு வரிகூட இல்லை. இது ஒரு சாட்சியின் பேச்சு. நான் கேட்டுக்கொள்வதெல்லாம் உங்களைப் பற்றி நீங்கள் நேர்மையான சாட்சியாக இருங்கள் என்பதுதான்.

அதற்குப் பதில் "நான் சிறந்தவன், என்னால் எல்லாம் முடியும்" என்று தினமும் கண்ணாடி முன் சொல்லலாமே?

உங்களுக்கு அது வேலை செய்தால் தொடருங்கள். ஆனால் யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களுக்கே இது காலை வாரிவிடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவர்" என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள், அதைச் சொல்லாமல் இருந்த தங்களைப் போன்றவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள்.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது உள்ளிருந்து மறுப்பு கிளம்புகிறது. "நான் சிறந்தவன்" என்றதும், "அப்படியா? போன வாரம் என்ன ஆச்சு?" என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வருகிறது. அதனால், சொல்லும்போது உங்களுக்கே நம்பிக்கை வருகிற வாக்கியமாகத் தேர்ந்தெடுங்கள். "இதை முழுசா முடிப்பேனான்னு தெரியல. முதல் பக்கத்தை எழுத முடியும்." இதை உள்ளே யாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த எண்ணத்தை நினைக்காமலே இருந்துவிட்டால்?

முடியாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தடையை நீக்கியதும், தடையே இல்லாமல் தொடங்கியவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

விரட்டுவதற்குப் பதில் சொல்லின் கூர்மையை மழுக்க ஒரு பழைய வழி உண்டு. எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் நூறு வருடங்களுக்கு முன்பே குறிப்பிட்டது. ஒரு சொல்லை வேகமாக, உரக்க, திரும்பத் திரும்பச் சொன்னால் சற்று நேரத்தில் அதன் அர்த்தம் கழன்று வெறும் ஓசையாகிவிடும். உங்களைக் குத்தும் சொல்லை, "தோல்வி" என்றோ "உதவாக்கரை" என்றோ எதுவாக இருந்தாலும், தனியறையில் அரை நிமிடம் விடாமல் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்காவது அது சொல் மட்டுமே என்பது காதுக்குப் புரியும்.

என் பெயரைச் சொல்லியே என்னோடு பேசலாமா? பைத்தியக்காரத்தனமாக இருக்காதா?

வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளேயே சொல்லலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸும் அவருடைய குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், கொஞ்ச நேரம் மட்டும் கொடுத்து மற்றவர்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். தயாராகும்போது சிலரை "நான் ஏன் பதறுகிறேன்?" என்று யோசிக்க வைத்தார்கள். மற்றவர்களைத் தங்கள் பெயரைச் சொல்லி, "நீ ஏன் பதறுகிறாய்?" என்று யோசிக்க வைத்தார்கள். பெயர் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு அதையே போட்டுக் குழப்பிக்கொண்டதும் குறைவு. பெயரைச் சொன்னதும் பிரச்சினை ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறது. நண்பருக்கு யோசனை சொல்லும் இடத்துக்கு நாம் போய்விடுகிறோம்.

நம் மொழியில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மை நாமே திட்டும்போது ஏற்கெனவே "நீ" என்றுதானே திட்டுகிறோம்! அதனால் "நீ" என்று மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் மீது பிரியமுள்ள ஒருவர் உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படிக் கூப்பிடுங்கள். வீட்டுச் செல்லப்பெயராக இருக்கலாம், "கண்ணு" என்றோ "ராஜா" என்றோ இருக்கலாம். அந்த அழைப்போடு தொடங்கிய வாக்கியம் "உதவாக்கரை" என்று முடிவது கடினம். நான் பயன்படுத்துவது என் பாட்டி கூப்பிட்ட பெயர்.

என்னை நானே திட்டிக்கொள்வதால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நிறுத்தினால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் இதைக் கேட்பவர்கள் மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு. உழைப்பாளிகள்தான் இதைக் கேட்கிறார்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதன் ஒரு பகுதியில் மாணவர்களுக்குக் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்று வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம், இது கஷ்டமான தேர்வு, பலரும் தடுமாறுவார்கள், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், இங்கே படிக்க இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலிகள்தான் என்று தன்மதிப்பை உயர்த்தினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள், தங்களிடம் கனிவாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட முதல் பிரிவினர்.

திட்டு வேலை செய்வது போலத் தெரிவதற்குக் காரணம், அது ஓட வைக்கிறது. ஆனால் அது எந்தப் பக்கம் ஓட வைக்கிறது என்று பாருங்கள். திட்டு விழும் இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது. பதில் எழுதாத கடிதம், திறக்காத முடிவுத்தாள், தள்ளிப்போட்ட பரிசோதனை எல்லாம் அப்படித் தள்ளி நிற்பவைதான்.

நேர்காணலுக்கோ தேர்வுக்கோ முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லிக்கொள்வது?

"பதறாதே, அமைதியா இரு" என்று பலரும் சொல்லிக்கொள்கிறோம். இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டளையை உடம்பு கேட்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு என மூன்று வேலைகளுக்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். படபடப்பு அப்படியே இருக்கட்டும், அதன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது எளிது.

கையால் செய்யும் வேலை என்றால் உற்சாக வார்த்தையைவிட, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொள்வது நல்லது. விளையாட்டு வீரர்களின் உட்பேச்சு பற்றிய 32 ஆய்வுகளை அந்தோனிஸ் ஹட்சிகியோர்கியாடிஸும் குழுவினரும் 2011இல் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் தெளிவாக இருந்தது. நுணுக்கமான அசைவுகள் தேவைப்படும் வேலைகளில், "பந்தைப் பார்", "மணிக்கட்டைத் தளர்த்து" போன்ற வழிகாட்டும் சொற்கள் அதிகம் உதவின.

எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் நான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஒருநாள் மாட்டிக்கொள்வேன் என்று பயம்.

பாலின் க்ளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் இதைப் பற்றி எழுதினார்கள். தங்கள் துறையில் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் பார்த்தது இதே பயத்தைத்தான். ஆண்களிடமும் இது உண்டு என்று பின்னர் தெரிந்தது. இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை, ஓர் அனுபவமாகத்தான் விவரித்தார்கள்.

இந்த இடத்தில் உட்பேச்சு ஒரு விசித்திரமான கணக்கு வைத்திருக்கும். நன்றாக நடந்தால் "அதிர்ஷ்டம்", கெட்டுப்போனால் "நான்". இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பிடியுங்கள். கெட்டுப்போனதில் உங்கள் பங்கு என்ன என்று தேடும் அதே கண்டிப்போடு, நன்றாக நடந்ததிலும் உங்கள் பங்கைத் தேடி எழுதுங்கள். யாராவது பாராட்டினால் "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்வதை ஒரு மாதம் நிறுத்திவிட்டு "நன்றி" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முதலில் நாக்கு கூசும்.

என் சந்தேகம் உண்மையாகவே சரியாக இருந்தால்? நிஜமாகவே எனக்கு அந்த வேலை தெரியாவிட்டால்?

அப்போது அதை ஒத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலைக்கு வேண்டிய மூன்று விஷயங்களில் ஒன்று எனக்குத் தெரியாது." இது ஒரு நல்ல உட்பேச்சு. கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும், அவ்வளவு காலம் செலவிட நான் தயாரா என்று யோசிக்கலாம். தயார் இல்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடலாம், அதுவும் ஒரு முடிவுதான். "இது எனக்கு வேண்டாம்" என்பதும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள்.

பேச்சை மாற்றினால் மட்டும் போதுமா?

போதாது. இதை மறைத்தால் நான் உங்களுக்குத் துரோகம் செய்வதாகும். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடம்பின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் சொல்லால் வரும் நம்பிக்கை, அனுபவத்தில் அடிபட்டால் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் பேச்சை மாற்றுவதன் வேலை, உங்களைச் செயலின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது. கணக்கு "ஏறாது" என்றிருந்த நான், "இன்னும் வரல" என்று மாற்றிக்கொண்ட பிறகும் எனக்குக் கணக்கு வந்துவிடவில்லை. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துத் தினமும் நாலு கணக்கு போட்ட பிறகுதான் வந்தது. ஆனால் பழைய வாக்கியம் இருந்தவரை அந்தப் புத்தகத்தை நான் திறந்திருக்கவே மாட்டேன்.

எத்தனை நாளில் மாறும்?

21 நாள் என்று பரவலாகச் சொல்வதை நம்பிக் காத்திருந்து ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. அது உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பிடித்த தகவல், இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பது.

பழைய வாக்கியம் முழுக்க மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னமும் வருகிறது. வந்த பிறகு எவ்வளவு நேரம் அதன் பின்னால் போகிறேன் என்பதுதான் குறைந்திருக்கிறது.

என் குழந்தை "நான் முட்டாள்" என்று சொல்கிறது. என்ன சொல்வது?

"அப்படிச் சொல்லாதே, நீ புத்திசாலி" என்று உடனே மறுக்க வேண்டாம். "எந்த இடத்துல கஷ்டமா இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். முட்டாள் என்ற சொல் ஒரு கணக்காகவோ ஒரு எழுத்தாகவோ சுருங்கிவிடும். அதைவிட முக்கியம், நீங்கள் எதையாவது தவறவிட்டால் அதன் காதுபட உங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்பது. குழந்தை அதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

எப்போது மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும்?

சோர்வும் எதிலும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால், தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால், அன்றாட வேலையே செய்ய முடியாமல் போனால் போய்ப் பாருங்கள். மனச்சோர்வில் உட்பேச்சு கடுமையாவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதை மன உறுதியால் சமாளிக்க வேண்டும் என்று உங்களை நீங்களே வதைக்க வேண்டாம். சிகிச்சை இருக்கிறது.

"நான் இருந்து என்ன பயன்?" என்ற வாக்கியம் வந்தால் அதைத் திருத்தி எழுதிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பகுதியின் உதவி எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள்.

எழுதிய நோட்டை அப்புறம் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். "கண்டிப்பா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க", "இனிமே அவ என்கூடப் பேசவே மாட்டா" என்று ஆரூடம் சொன்ன வரிகளுக்குப் பக்கத்தில், உண்மையில் என்ன நடந்தது என்று வேறு நிற மையில் எழுதுங்கள். சிலது பலித்திருக்கும், அதையும் எழுதுங்கள். படிக்க யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நான் என் முதல் நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இரண்டாவதை வைத்திருக்கிறேன்.